மகாதேவியின் பனிவற்றல்

மகாதேவிக்கு மூக்கு போனது 2021ஆம் ஆண்டு தை மாதத்தில். ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் அவள் அதற்குள் பதினான்கு வருடங்கள் வேலை செய்துவிட்டிருந்தாள். அந்த மாதம் இல்லத்தில் பாதிப் பேருக்குக் கொரோனா வந்தது, அவளுக்கும் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் விட்டது, இருமல் இரண்டு கிழமையில் அடங்கியது. மணம் மட்டும் போனது போனதுதான்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எல்லோருக்கும் போய்த்தானே திரும்பி வருகிறது என்று இருந்துவிட்டாள். சித்திரையில் அது திரும்பியும் வந்தது, ஆனால் கோணலாக வந்தது. கோப்பி எரிந்த ரப்பரைப் போல மணத்தது. வெங்காயம் வதங்கினால் அடைபட்ட சாக்கடை. நூற்றிருபது பேருக்குச் சமைத்துப் போட்ட பெண், தன் வீட்டில் வெங்காயம் தாளிக்கும்போது பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாள். கணவர் பரராசசிங்கம்தான் அகப்பையைக் கையில் எடுத்தார். கம்பித் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவர் அவர். உப்பையும் தூளையும் நட்டும் போல்ட்டும் மாதிரி எண்ணி எண்ணிப் போடுவார்.

வேலையிடத்தில் ஒருநாள் ஒரு பானை சிவப்பு முட்டைக்கோவா அடிப்பிடித்தது. மகாதேவி அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே நின்று கரட் வெட்டிக்கொண்டிருந்தாள். புகை எச்சரிக்கை மணி அலறியபோதுதான் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளை ஏசவில்லை. தலைமைச் சமையல்காரர் கிறிஸ்ரியன் பானையைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்த பானையை அடுப்பில் ஏற்றினார், அவ்வளவுதான். உயரமும் பருமனுமான ஜேர்மன்காரர், எதற்கும் பதறாத ஆள். அன்று வேலை முடிந்ததும் மகாதேவியே அவரிடம் போனாள்.

“என்னைக் கோப்பை கழுவுற பக்கம் மாத்தி விடுங்கோ.”

“கொஞ்சக் காலம் பார்ப்பமே, மகாதேவி.”

“எரியுறதே தெரியாமல் குசினிக்குள்ள நிக்கேலாது, கிறிஸ்ரியன்.”

அப்படித்தான் அவள் கழுவும் இயந்திரத்தின் பக்கம் போனாள். நீராவியும் தட்டுச் சத்தமுமாக இரண்டரை வருடங்கள் கழிந்தன. காது மூக்கு வைத்தியர் நாலு சின்னப் போத்தல்களில் மணம் பழகச் சொல்லிக் கொடுத்திருந்தார்: கராம்பு, எலுமிச்சை, ரோசா, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் முகர வேண்டும். அவள் பல்லுத் தீட்டுவதைப் போல அதை ஒழுங்காகச் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

சாப்பாடு அவளுக்கு வேறொரு விஷயமாகிப் போயிருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு என்று நாக்கு சொல்லக்கூடியதைச் சொன்னது. மிச்சத்தைப் பல்லுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அவள் பப்படமும் வெள்ளரிக்காயும் முறுக்குமாகச் சாப்பிட்டாள். குழைந்த சோறு, பருப்பு, புட்டு எல்லாமே அவளுக்கு நனைந்த காகிதம். மூன்ஸ்டரில் படிக்கும் மகள் ஆதிரை வீட்டுக்கு வந்த நாட்களில், “அம்மா, நீங்கள் சாப்பிடுறது பக்கத்து வீட்டுக்கே கேக்குது” என்று பகிடி பண்ணுவாள்.

அவர்களுக்கு நகரத்துக்கு வெளியே, கால்வாய்ப் பக்கம், தோட்டச் சங்கத்தில் ஒரு துண்டுக் காணி இருந்தது. அறுபது குடும்பங்கள், அறுபது துண்டுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து பொஸ்கோப் அப்பிள் மரங்கள். பொஸ்கோப் என்பது தோல் சொரசொரத்த, புளிப்புக் கூடிய பழம். 2023ஆம் ஆண்டு அந்த மரங்கள் காய்த்த காய்ப்பில் கிளைகளுக்கு முண்டு கொடுக்க வேண்டியிருந்தது. சங்கத் தலைவி பிரிங்க்மான் ஓய்வுபெற்ற தபால்காரி. முந்தைய வருடம் அவர்தான் விண்ணப்பம் எழுதிப் போட்டு, நகரசபையின் சுற்றுச்சூழல் நிதியில் சங்கத்துக்கு ஓர் இயந்திரம் வாங்கிவைத்தார். சின்னச் சலவை இயந்திரம் அளவு, முன்னால் கண்ணாடிக் கதவு. பழத்தை உறைய வைத்து, காற்றை இழுத்தெடுத்து உலர்த்துகிற இயந்திரம். இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு தரமும் அப்பிள் ஈரக் கடற்பஞ்சு மாதிரி வெளியே வந்தது. அதற்குப் பிறகு அதன்மேல் ஒரு மேசைத்துணியை விரித்து, பூச்சாடி வைத்துவிட்டார்கள்.

புரட்டாசியில் சங்க வீட்டைத் துப்புரவாக்கும் நாளில் மகாதேவி அந்தத் துணியை உதறப் போனாள். அன்றைக்கு இரண்டு நாளுக்கு முன்புதான் பிரிங்க்மான் மூன்றாம் தரம் போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார். தட்டங்கள் இன்னும் கழுவப்படாமல் உள்ளேயே கிடந்தன, கதவும் இறுக்கிப் பூட்டியபடி. தடித்த துண்டுகள் எல்லாம் தொய்ந்து போயிருந்தன. ஒரு மூலையில் மட்டும், கத்தி தவறி மெல்லிசாக வெட்டுப்பட்ட ஒரு துண்டு வெள்ளையாக, வெட்டிய மேனிக்கு அப்படியே கிடந்தது. மகாதேவி கதவைத் திறந்து அதை எடுத்து வாயில் போட்டாள்.

அது நொறுங்கிய சத்தம் மண்டைக்குள் எழுந்து இரண்டு காதிலும் கேட்டது. உடனேயே கரைந்து, தாடையின் இரண்டு பக்கமும் சுண்டி இழுக்கும்படி ஒரு புளிப்பு. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. பழம் பப்படமாகிவிட்டிருந்தது. அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

“பிரிங்க்மான், இந்த மெசின எனக்குக் கொஞ்ச நாளைக்கு விடுவியளோ?”

“தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்துக்குக் கீழ போட்டாலும் எனக்குச் சந்தோசம்” என்றார் தலைவி.

அடுத்த சனிக்கிழமை பரராசசிங்கம் தன் கருவிப் பெட்டியோடு வந்தார். பம்பைத் திறந்து பார்த்தார். எண்ணெய் பாலும் தண்ணீரும் கலந்தது போல வெளுத்திருந்தது.

“இஞ்ச பாரும். பழத்தில இருந்து வந்த தண்ணியெல்லாம் பம்புக்குள்ள போயிருக்கு. ஒருத்தரும் எண்ணெய் மாத்தேல்லை. இப்படியிருந்தால் அது எப்பிடிக் காத்தை இழுக்கும்?”

“அப்ப பழுது இல்லையோ?”

“மெசினுக்குப் பழுதில்லை. பாத்த ஆக்களுக்குத்தான்.”

எண்ணெய் மாற்றி, கதவின் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பூட்டினார். மகாதேவி அப்பிள்களின் தோலைச் சீவி, நடுவை எடுத்து, ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே அளவாக வெட்டினாள். வெட்ட வெட்டக் கறுக்காமலிருக்க எலுமிச்சம்புளி விட்ட தண்ணீரில் போட்டெடுத்து, துணியில் ஒற்றி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டத்தில் பரப்பினாள். இயந்திரம் முதலில் அவற்றைக் கல்லாக உறைய வைத்தது. பிறகு பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியது, உழவு இயந்திரம் போலச் சத்தம் போட்டுக்கொண்டு. உள்ளே இருக்கும் பனி தண்ணீராக உருகாமல், அப்படியே ஆவியாகிப் போய்ச் சுவரில் திரும்பப் பனியாகப் படியும். தண்ணீராக உருகினால்தானே பழம் தொய்யும். கணவர் இதை விளங்கப்படுத்தியபோது, “சூடு காட்டாமல் வத்த வைக்கிறது. அப்ப இது பனிவத்தல்” என்றாள் மகாதேவி. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

முப்பது மணித்தியாலம் பிடித்தது. ஞாயிறு பின்னேரம் கதவைத் திறந்து, கையால் ஒவ்வொரு தட்டத்தையும் தடவிப் பார்த்தாள். எங்கேயாவது குளிர்ந்தால் அதற்குள் இன்னும் பனி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு துண்டை முறித்து நடுவைப் பார்த்தாள். நன்றாக உலர்ந்திருந்தது. பெருமையோடு ஒரு பெரிய கிண்ணத்தில் கொட்டி மேசையில் வைத்துவிட்டு, பிரிங்க்மானைக் கூட்டிவர அவருடைய காணிக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்கள் கதைத்துக் கதைத்துத் திரும்பி வருவதற்குள் பனிவற்றல் காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்து, செருப்புத் தோல் மாதிரி இழுபட்டது. அன்றைக்கு அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அடுத்த கிழமை போத்தல்களை முதலிலேயே கழுவிக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சின்னப் பையையும் போட்டு ஆயத்தமாக நின்றாள். கதவு திறந்து பத்தாவது நிமிடம் எல்லாம் போத்தலுக்குள் இறுக்கி மூடியாயிற்று.

அந்தக் குளிர் மாரி முழுக்க அவர்களுடைய வீட்டில் பனிவற்றல்தான். மகாதேவி அதைச் சும்மா நொறுக்கித் தின்றாள். மிக்சியில் அடித்து மாவாக்கி, காலைக் கஞ்சியில் சீனிக்குப் பதிலாகத் தூவினாள். ரொட்டி மாவோடு பிசைந்து பார்த்தாள். கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கடுகும் செத்தல் மிளகாயும் போட்டுச் சம்பலாக்கினாள். அதை ஆதிரை ஒரு போத்தல் நிறைய மூன்ஸ்டருக்குக் கொண்டுபோனாள். மா அதிகமாய்ப் போன ஒரு கேக் மட்டும் கல்லாகிப் போனது. தாளிதம், கறுவாப்பட்டை எல்லாவற்றுக்கும் பரராசசிங்கம் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். “இப்ப மணக்குதோ?” “இன்னும் இல்லை.” “இப்ப?” “ஓம், இறக்கும்.” முப்பது வருடக் கலியாணத்தில் அவர்கள் இருவரும் ஒரே அடுப்படியில் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

தை மாதத்தில் ஒருநாள் மகாதேவிக்குத் துணிவு வந்தது. ஒரு போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்து மணிக் கோப்பி இடைவேளையில் கிறிஸ்ரியனின் முன்னால் அதை வைத்தாள்.

“அப்பிள்” என்றாள்.

கிறிஸ்ரியன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எனக்குப் பச்சை அப்பிள் ஒத்துவராது. பேர்ச் மரத்து மகரந்த அலர்ஜி. அப்பிள் கேக், அப்பிள் மசியல் எல்லாம் பிரச்சினையில்லை.”

“இது பச்சை இல்லை, காய்ஞ்சது.”

அவர் மூன்று துண்டுகள் சாப்பிட்டார். கண்கள் விரிந்தன. “இதை நீயா செய்தனீ?” என்று கேட்டுக்கொண்டே நாலாவதுக்குக் கை நீட்டியவர், நிறுத்திக் கீழுதட்டைத் தடவினார். ஐந்து நிமிடத்தில் உதடு தடித்துவிட்டது, தொண்டை கடித்தது. மருந்துப் பெட்டி எடுக்கத் தாதி ஓடினார். மகாதேவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு மணித்தியாலத்தில் வீக்கம் வற்றிவிட்டது. கிறிஸ்ரியன் வந்து, “என்ர பிழைதான். சூடு காட்டாமல் உலர்த்தினால் அது பச்சைப் பழம்தானே. நான் யோசிச்சிருக்க வேணும்” என்றார். அவள் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மத்தியானம் நூற்றிருபது தட்டுகளும் கழுவும் இயந்திரத்துக்குள் போய் வந்தன. பின்னேரம் பேருந்தில் வரும்போது, மூக்கில்லாதவளுக்கு எதற்கு இந்த வேலை என்று போத்தலைக் குப்பையில் போடப் பார்த்தாள். பிறகு, பழத்தை எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

“இனி நான் அந்த மெசினைத் தொடமாட்டன்” என்றாள் கணவரிடம். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். அவர் தமிழ்க் கடைச் சாமான்களை அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பக்கெற் ஒடியல் மா, இன்னொரு பக்கெற் புழுக்கொடியல்.

“ஆளுக்குப் பச்சைதானே ஒத்துவராது” என்றார். “அவிச்சுப் போட்டுக் காயவைச்சால்?”

மகாதேவி அவருடைய கைகளைப் பார்த்தாள். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த சங்கதி. அவளுக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் காலையில் வந்த வெட்கத்தைப் போலக் கனக்கவில்லை. அப்போதே நாலு பொஸ்கோப்பை வெட்டி அடுப்பில் ஏற்றினாள்.

அவித்து மசித்த அப்பிளில் கறுவாவும் ஏலக்காயும் சேர்த்து, பைக்குள் போட்டு, தட்டத்தில் ஐந்து சதக் காசு அளவு பொட்டுப் பொட்டாகப் பிழிந்து உலர்த்தினாள். அவை நொறுங்கின, ஆனால் கடைசியில் அண்ணத்தில் பசையாக ஒட்டிக்கொண்டன. அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு தயிர் கலந்தாள். இந்தத் தரம் பல்லில் ஒரு முறை சத்தம் போட்டு, நாக்கில் ஒன்றுமில்லாமல் கரைந்து போனது.

இரண்டாம் முறை அவள் கிறிஸ்ரியனுக்குக் கொடுக்கும்போது தாதி பக்கத்தில் நின்றார். முதலில் கிறிஸ்ரியன் ஒன்றை உதட்டில் மட்டும் தேய்த்துவிட்டுக் கால் மணித்தியாலம் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று சாப்பிட்டார். அதற்குப் பிறகு போத்தல் பாதியாயிற்று.

அப்போதுதான் அவர் வாயசைப்பதை நிறுத்தி, கூரையைப் பார்த்தபடி யோசித்தார். “இது மென்னுறதுக்கு முன்னமே கரையுது, மகாதேவி. மேல்மாடியில மசியல் மட்டும் சாப்பிடுற ஆக்கள் இருக்கினம் தெரியுமோ?”

தெரியும். அவர்களுடைய கோப்பைகளை அவள்தான் கழுவினாள். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்கள், கை நடுக்கக்காரர்கள். மூன்று நேரமும் பச்சை, மஞ்சள், மண்ணிறம் என்று மூன்று குழி மசியல். பெரும்பாலும் பாதி திரும்பி வரும்.

உடனே நடக்கவில்லை. தோட்டச் சங்க வீட்டில் செய்ததை இல்லத்தில் கொடுக்க முடியாது என்று சுகாதாரச் சட்டம் சொன்னது. பிரிங்க்மான், “மாரியில அது எங்களுக்கு எதுக்கு? கொண்டு போங்கோ” என்று இயந்திரத்தையே இல்லத்துக்கு இரவல் கொடுத்தார். பரராசசிங்கமும் கிறிஸ்ரியனும் அதை வாகனத்தில் ஏற்றிக்கொண்டுவந்து, நிலவறையில் சத்தம் யாருக்கும் கேட்காத மூலையில் பொருத்தினார்கள். பிறகு விழுங்கும் பயிற்சி தருகிற பெண் ஓல்பெர்ஸ் வந்தார். மகாதேவி செய்த பொட்டுகளைத் தண்ணீரில் போட்டு மணிக்கூட்டோடு பார்த்தார், விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். முதல் தொகுதியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார், தடிப்பு கூட. இரண்டாவதையும் தள்ளினார். மகாதேவி சளைக்கவில்லை. பொட்டைச் சின்னதாக்கினாள், மசியலை இரண்டு தரம் வடித்தாள், உள்ளே காற்று நிற்கத் தயிரை அடித்துக் கலந்தாள். ஐந்தாவது தொகுதிக்கு ஓல்பெர்ஸ், “இது சரி. ஒரு நேரத்தில ஒண்டு, ஆள் நிமிர்ந்து இருக்க வேணும், நான் பக்கத்தில இருப்பன்” என்றார்.

முதல் ஆளாகத் தெரிவானவர் லோமான். எண்பத்தொரு வயது, முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஒன்றரை வருடமாக மசியல் மட்டும். கோபக்காரர், கரண்டியைத் தட்டிவிடுவார் என்று மேல்மாடிப் பெண்கள் சொல்வார்கள். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஓல்பெர்ஸ் அவரை நிமிர்த்தி இருத்தினார். கிறிஸ்ரியன் வாசலில் நின்றார். மகாதேவி ரப்பர் ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து, ஒரு சின்னத் தட்டோடு நின்றாள்.

ஓல்பெர்ஸ் ஒரு பொட்டை அவருடைய வாயில் வைத்தார். லோமான் சந்தேகமாக வாயை மூடினார். தாடை ஒருமுறை அசைந்தது.

அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது.

அவர் அசையாமல் இருந்தார். கண்கள் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் போயின, யாரோ தட்டிக் கூப்பிட்டது போல. பிறகு விழுங்கினார். இருமல் வரவில்லை. ஓல்பெர்ஸ் அவருடைய தொண்டையில் விரல் வைத்துக் காத்திருந்துவிட்டுத் தலையசைத்தார். லோமான் தன்னுடைய நல்ல கையை எடுத்துக் காதைக் காட்டினார். வாய் கோணி, சொற்கள் சரியாக வரவில்லை.

“கேட்டது” என்றார். “எனக்குள்ள... கேட்டது.”

மற்ற இருவரும் அதை மருத்துவக் குறிப்பாக எடுத்தார்களோ என்னவோ, மகாதேவிக்கு அது நேராகப் போய் நெஞ்சில் பட்டது. அவள் கட்டிலுக்குக் கிட்டப் போனாள்.

“ஓம், லோமான் ஐயா” என்றாள். “எனக்கும் அப்பிடித்தான். எனக்கு மணமில்லை. சத்தம் மட்டும்தான் இருக்கு.”

கிழவர் அவளை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். “இன்னொண்டு” என்றார்.

அந்தப் பங்குனியிலேயே மகாதேவி கழுவும் பக்கத்திலிருந்து திரும்பவும் அடுப்பின் பக்கம் வந்துவிட்டாள். அடிப்பிடிப்பதைக் கவனிக்க மற்றவர்களுடைய மூக்குகள் இருந்தன. மென்மை, தடிப்பு, கரைவு எல்லாவற்றுக்கும் அவளுடைய விரலும் பல்லும் இருந்தன. மேல்மாடிக்குப் போகும் எதையும் அவள் பார்க்காமல் கிறிஸ்ரியன் விடுவதில்லை. கரட்டில், பீற்றூட்டில், கோழிச் சூப்பில்கூடப் பொட்டுகள் செய்தார்கள். கோழிச் சூப் சரிவரவில்லை. கொழுப்புக் கூடிய எதுவும் இயந்திரத்துக்கு ஆகாது, பம்பும் கெட்டுப்போகும் என்று பரராசசிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். மசியல் கோப்பைகள் முன்னைவிடக் காலியாகத் திரும்பி வந்தன.

மூக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வருகிறது. கராம்பு சரியாகத் தெரிகிறது, எலுமிச்சையும் அப்படித்தான். கோப்பி இன்னும் ரப்பர்தான். வெங்காயத்தை அவள் இப்போது சகித்துக்கொள்கிறாள். வைத்தியர் அடுத்த சந்திப்புக்கான டெர்மினை ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார், அதை அவள் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டாள்.

போன புரட்டாசியில் இல்லம் தனக்கென்று ஒரு புது இயந்திரம் வாங்கியது. சங்கத்தின் இயந்திரம் சங்கத்துக்கே திரும்பிப் போனது. அது வந்து சேர்ந்த சனிக்கிழமை தோட்டக்காரர்கள் பெட்டி பெட்டியாகப் பழங்களோடு வரிசையில் நின்றார்கள். பிரிங்க்மான் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதினார். அன்றைக்கு மகாதேவி வெட்டியது அப்பிள் அல்ல. முந்தைய நாள் லோமான், அப்பிள் போதும், பேரிக்காய் செய்ய ஏலுமோ என்று கேட்டிருந்தார். இல்லத்தில் செய்வதற்கு முன்னம் இங்கே ஒரு தரம் பழகிப் பார்க்க நினைத்தாள்.

“பேரிக்காயில தண்ணி கூட” என்றார் பரராசசிங்கம், கையில் எண்ணெய்த் துணியோடு. “நாப்பது மணித்தியாலமாவது வேணும். எனக்குச் சரியாத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றாள் மகாதேவி. “போட்டுத்தான் பாப்பம். அந்தத் தட்டத்தை இஞ்சால தாங்கோ.”